தண்ணீர் விசாரணையில் உள்ளது

திருச்செங்கோட்டில் ‘சுமாரான மெஸ்’ஸில் நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, ‘அநேகமாகப் போய்ச் சேரும்’ பேருந்தில் ஏறி, சென்னையில் ‘கொஞ்சம் மூட்டைப்பூச்சி’ லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, வேலாத்தாள் பெயர் வாரியத்தை நோக்கி நடந்தார். அது எத்தனையாவது வாய்தா என்று எண்ணுவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

தமிழ்நாட்டுக்குத் திடீரென்று அடக்கம் வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். எல்லாம் மெய்மானி செய்த வேலை.

அதற்கு முன்பு இணையப்பெயர்கள் முந்தியவன் சொத்தாக இருந்தன. எங்கோ ஒரு தீவில் இருந்த ஒருவன், தமிழ் அகராதியை அகரத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே மூச்சில் பதிவு செய்துவிட்டுக் கடற்கரையில் மல்லாந்து படுத்திருந்தான். கத்தரிக்காய் விற்பதாக இருந்தாலும் அவனிடம் போய் ‘கத்தரிக்காய்’ என்ற சொல்லை வாடகைக்குக் கேட்க வேண்டும். போதாததற்கு, இணையத்தில் குப்பை மலையாகக் குவிந்து, தேடுவது என்ற பழக்கமே மக்களிடமிருந்து ஒழிந்துபோயிற்று. எல்லாரும் காதில் பயறளவு செவிமணி ஒன்றைப் பொருத்திக்கொண்டார்கள். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தப் பெயருக்கு உரியவர் பேசுவார். கதை முடிந்தது. பெயர் இருந்தால் கடை உண்டு. பெயர் இல்லாவிட்டால், கடைத்தெரு நடுவில் நின்று கத்தினாலும் காதில் விழாது.

ஆகவே அரசு ஒரு சட்டம் போட்டது. பெயர் வைத்திருப்பவர் பெயருக்குத் தகுந்தபடி நடக்க வேண்டும். அதைக் கண்காணிக்க மெய்மானி என்ற பேரியந்திரம் வந்தது. நீங்கள் ஒரு பெயரைக் கூப்பிட்டு வேலை முடிந்ததும், செவிமணி வழியாக அது ஒரே ஒரு கேள்வி கேட்கும்: “பெயருக்குத் தக்கபடி இருந்ததா?” இல்லை என்ற பதில்கள் மிகுந்தால், பெயர் அந்த நொடியே பறிபோய், அதற்கு மிகவும் பொருந்துகிறவரிடம் போய்ச் சேரும்.

தீவுக்காரன் ஒரு பிற்பகல் தூக்கத்தில் மொத்த அகராதியையும் இழந்தான். ‘ஐந்தே நிமிடத்தில் பிரியாணி’ ஆறாவது நிமிடத்தில் பெயரிழந்து, ‘வரும்போது வரும் பிரியாணி’ ஆயிற்று. பேரழகு நிலையம் ஒன்று ‘முன்னைக்கு இப்போது தேவலை’ என்று மாறியது. ‘அமோக வாழ்வு’ திருமணத் தகவல் நிலையம், ‘பொருத்தம் பார்ப்போம், அப்புறம் உங்கள் பாடு’ என்று இறங்கி வந்தது. கட்சிகளின் பெயர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காதீர்கள். நாடு ஒரு வாரம் சிரித்த சிரிப்பில் வயிற்றுவலி மாத்திரை தீர்ந்துபோனது.

வேலாத்தாளிடம் இருந்தது ‘தண்ணீர்’. வெறும் தண்ணீர். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் கணவர் இருந்த காலத்தில், தீவுக்காரன் கண்ணயர்ந்த ஒரு நொடியில் பதிவு செய்த பெயர். கையில் ஒரு போர்வெல் வண்டி, ஆறு ஆட்கள். வேலாத்தாள் தோண்டும் ஆழத்துக்கு, பூமியின் மறுபக்கத்தில் இருப்பவர்கள் காலடியில் ஏதோ குறுகுறுக்கிறது என்று எழுந்து பார்ப்பார்கள் என்று திருச்செங்கோட்டில் சொல்லுவார்கள். புழுதி மட்டும் வந்த இடங்களும் உண்டு. ஆனாலும் மெய்மானி கேட்டபோது பெரும்பாலோர் இருந்தது என்றே சொன்னார்கள்.

அப்போதுதான் அருவிக்கரம் குடிநீர் நிறுவனம் வழக்குப் போட்டது. தண்ணீர் என்றால் எங்கள் பாட்டிலில் இருப்பது, பூமிக்குள் இருப்பது வெறும் நம்பிக்கை என்பது அவர்கள் வாதம். வழக்கு முடியும்வரை பெயரை முடக்கி வைத்தது, பெயர்ச் சண்டைகளை விசாரிக்கும் பெயர் வாரியம். அன்று முதல் தமிழ்நாட்டில் யார் தண்ணீர் என்று கேட்டாலும், செவிமணி கனிவான குரலில் சொன்னது: “தண்ணீர் விசாரணையில் உள்ளது.”

கல்யாணப் பந்தியில் விக்கியவர்களுக்கும் இதே பதில்தான்.

வண்டி கொட்டகையில் நின்றது. ஒடிசாவிலிருந்து வந்த அந்த ஆறு ஆட்களும் கேரம் ஆடி ஆடி, மாவட்டத்தில் அவர்களை ஜெயிக்க ஆளில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். வேறு வண்டிக்காரர்கள் அவர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இந்த வாய்தாவிலும் பெயர் திரும்பவில்லை என்றால் வண்டியை இரும்புக் கடைக்குத் தள்ளிவிடுவது என்று வேலாத்தாள் முடிவு செய்திருந்தார். பழைய இரும்பு எடுப்பவன் வந்து சக்கரங்களைத் தட்டிக்கூடப் பார்த்துவிட்டான்.

வாரியத்தின் வாசலில் மின்பலகை பளபளத்தது. நாடே பெயரைக் குறைத்துக்கொண்டபோது, வாரியம் மட்டும் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் ‘உடனடித் தீர்வு’.

உள்ளே தலைவர் நடனசபாபதி கண்ணாடியைத் துடைத்து, மாட்டி, கழற்றி, மறுபடி துடைத்தார்.

“மூன்றாவது உறுப்பினர் பதவியும் இப்போது காலியாக உள்ளது. வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது.”

“ஏனுங்க தலைவரே, போன வாய்தாவுக்கும் இதையேதானுங்களே சொன்னீங்க?”

“போன முறை சொன்னது இரண்டாவது உறுப்பினரைப் பற்றி.”

“அவிய வந்துட்டாங்களா?”

“வந்தார். மூன்றாவது உறுப்பினர் ஓய்வு பெறும்வரை இருந்தார். பிறகு மாற்றலாகிவிட்டார்.”

“எம்பட வண்டியில துரு ஏறுதுங்க.”

“அது வேறு துறை,” என்றார் நடனசபாபதி, உண்மையான வருத்தத்தோடு. கெட்டவர் இல்லை. முப்பது வருட உத்தியோகத்தில் எதையும் அவசரப்பட்டுக் கெடுத்ததில்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

வேலாத்தாள் எதிரே இருந்த டீக்கடைக்கு வந்தார். ‘நல்ல டீ’ என்பது அதன் பெயர். அந்தக் காலத்தில் இப்படி ஒரு பெயரைத் துணிந்து வைத்து, அதைக் காப்பாற்றியும் வந்தவர் ஏகாம்பரம் ஒருவர்தான். கடைக்கு ஒரே பெஞ்சு. அதில் உட்காருவதற்கு அவர் வைத்திருந்த சட்டம், பெயர்ச் சட்டத்தைவிடக் கடுமையானது. டீ தீர்ந்தால் எழுந்துவிட வேண்டும். பேச்சு பாதியில் நிற்கிறதா, அது அவருக்குத் தெரியாது. ஈரத்துணியோடு வந்து நிற்பார்.

பெஞ்சில் ஏற்கனவே ரோஸ்மேரி இருந்தாள். அருவிக்கரம் நிறுவனத்தின் வழக்கறிஞர், அதாவது எதிர்த்தரப்பு. இத்தனை வாய்தாக்களில் இருவரும் பக்கத்துவீட்டுக்காரர்கள் போல ஆகிவிட்டார்கள்.

“என்னம்மா, மூணாவது உறுப்பினரா?”

“மூணாவதேதான் கண்ணு. உங்க கம்பெனிக்காச்சும் இதுல ஏதாச்சும் லாபமா?”

“லாபமா? தண்ணீர் பாட்டில்னு கேட்டாலும் விசாரணையில உள்ளதுன்னுதான் சொல்லுது. எங்க குடோன்ல பாட்டில் அடுக்கி, மேல ஏறினா பக்கத்து ஊர் தெரியுது.”

“பேச்ச கொற, டீ ஆறுது,” என்றார் ஏகாம்பரம். “பின்னால ஆளு நிக்குது.”

அந்த நேரம் பார்த்து வேலாத்தாளின் செவிமணி கேட்டது: “உடனடித் தீர்வு. பெயருக்குத் தக்கபடி இருந்ததா?”

ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் கேட்கும் கேள்விதான். ஒவ்வொரு முறையும் அவர் இருந்தது என்றே சொல்லியிருந்தார். அவர் மட்டுமா? வாரியத்தின் படியேறிய அத்தனை பேரும் அதைத்தான் சொன்னார்கள். கவர்ன்மென்ட் ஆபீஸ் ஆயிற்றே. நாளைக்கு அதே ஆளிடம்தானே போய் நிற்க வேண்டும். மூட்டைப்பூச்சி லாட்ஜுக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லிப் பெயரைப் பிடுங்கிய மக்கள், வாரியத்தைக் கேட்டால் மட்டும் குரலைத் தாழ்த்தி, இருந்ததுங்க, ரொம்ப நல்லா இருந்ததுங்க என்றார்கள்.

வேலாத்தாள் டம்ளரை வைத்தார். “ஏங் கண்ணு, இதுக்கு நாம சொல்ற பதிலு தலைவரு மேசைக்குப் போகுமா?”

“எங்கயும் போகாதும்மா. மெய்மானிக்கு மட்டும்தான்.”

“அப்ப வாரியத்துக்கும் இந்தச் சட்டம் உண்டா?”

ரோஸ்மேரி சிரித்தாள். “விலக்குக் கொடுக்கலாம்னுதான் இருந்தாங்க. அதைப் பத்தி முடிவு பண்ண வாரியத்துலயே ஒரு துணைக்குழு போட்டாங்க. அந்தக் குழு இன்னும் கூடலை. ஒத்திவச்சுக்கிட்டே இருக்காங்க.”

இரும்புக்காரன் சக்கரத்தைத் தட்டிய ஓசை வேலாத்தாளின் காதில் கேட்டது. அவர் செவிமணியைத் தொட்டார்.

“இல்லை,” என்றார். பிறகு, “இதுக்கு மின்ன சொன்னதும் பூராப் பொய்யி. எல்லாத்தையும் இல்லைன்னு மாத்திக்கோ,” என்றார்.

பிறகு பின்னால் நின்றவர் இல்லை என்றார். அவருக்குப் பின்னால் நின்றவரும். ரோஸ்மேரி தயங்கிவிட்டு, ரொம்ப மெதுவாக இல்லை என்றாள். செய்தி செவிமணிக்குச் செவிமணி தாவியது. குமரியிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை, வாரியத்தில் காத்துக் கிடந்தவர்கள் எல்லாரும் ஒருசேரச் சொன்ன ‘இல்லை’யில் வங்காள விரிகுடாவில் ஓர் அலை கூடுதலாக எழும்பியது என்பது மீனவர்கள் சொன்ன தகவல்.

எதிரே மின்பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக அணைந்தன. வாரியத்தின் வரலாற்றில் அன்றுதான் ஒரு விஷயம் உடனடியாகத் தீர்ந்தது.

அடுத்த கணம் ஏகாம்பரம் காதைப் பொத்திக்கொண்டார். “இன்னாது? எனுக்கா? நான் கேக்கவேயில்லியே.”

“என்னாச்சுண்ணா?” என்றாள் ரோஸ்மேரி.

“ஒடனடித் தீர்வு இனிமே எம் பேராம். வாழ்த்து வேற சொல்லுது.”

மெய்மானியின் கணக்கு நேரானது. பெயர்ச் சண்டைகளை உண்மையிலேயே உடனடியாகத் தீர்த்து வைக்கும் இடம் எது என்று அது நாடு முழுவதும் துழாவியது. அகப்பட்டது இந்த பெஞ்சு. ‘காதல்’ என்ற பெயருக்காக வருடக்கணக்கில் மோதிய நகைக்கடைக்காரரும் விவாகரத்து வழக்கறிஞரும் இங்கேதான் பாதி டீயில் சமாதானமானார்கள். ‘சாந்தி’க்காக அடித்துக்கொண்ட தியான மண்டபமும் பட்டாசுக் கடையும் அப்படியே. டீ தீர்வதற்குள் பேசி முடிக்காவிட்டால் ஈரத்துணி வந்துவிடும். அந்தத் துணிக்கு முன்னால் எந்த வீறாப்பும் நின்றதில்லை.

“யோவ், எனுக்கு நாயம் சொல்லத் தெரியாதுய்யா,” என்றார் ஏகாம்பரம். “பெஞ்சு தொடைக்கத்தான் தெரியும்.”

“நீங்க தொடைங்கண்ணா, அது போதும்,” என்றாள் ரோஸ்மேரி. வேலாத்தாள் பக்கம் திரும்பினாள். “நம்ம கேஸை முடிச்சிடலாமா? உங்க டம்ளர்ல கால்வாசிதான் இருக்கு.”

“முடிக்கலாங் கண்ணு. ஆனா பேரு ஒருத்தருக்குத்தானே கெடைக்கும்?”

“அது வாரியத்தோட விதி. வாரியத்துக்கே இப்ப பேரில்லை.”

வேலாத்தாள் யோசித்தார். ஏகாம்பரம் துணியைப் பிழிந்தார்.

“எங்கூர்ல தெருவுக்கு ஏழு செங்கோட்டுவேலு இருக்கறாங்க,” என்றார் வேலாத்தாள் அவசரமாக. “யாரும் கோர்ட்டுக்குப் போகலீங்க. லாரி செங்கோட்டுவேலு, மாட்டாஸ்பத்திரி செங்கோட்டுவேலுன்னு கேட்டுப்போட்டுக் கூப்புட்டுக்கறோம்.”

“தண்ணீர்னு யாராச்சும் சொன்னா, குடிக்கவா தோண்டவான்னு செவிமணி திருப்பிக் கேட்கட்டும்னு சொல்றீங்க.”

“ஆமாங் கண்ணு. குடிக்கன்னா உங்குளுது, தோண்டறதுன்னா எனக்கு.”

ரோஸ்மேரி செவிமணியில் நிறுவனத்தைக் கேட்டாள். குடோனில் பாட்டில் மலைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தவர்கள் உடனே சரி என்றார்கள். வேலாத்தாள் கடைசி வாயைக் குடித்தார். துணி பெஞ்சில் விழுந்தது. வழக்கு முடிந்தது.

ஊருக்கு வந்தபோது கொட்டகையில் கேரம் பலகை ஓரமாகச் சாய்ந்திருந்தது. தோண்டும் வேலைக்கு அழைப்பு வந்து, வண்டி ஆறு ஆட்களோடு ஈரோட்டுக்குப் புறப்பட்டுப் போயிருந்தது.

அதன் பிறகு ஒரு பெயரில் நாலு பேர், ஐந்து பேர் என்று கூட்டுக்குடித்தனம் வந்தார்கள். ‘காந்தள்’ என்று சொன்னால் பூவா, புடவையா, பேருந்தா என்று செவிமணி பொறுமையாகக் கேட்டது. கேட்பதில் இரண்டு நொடி வீணாகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள். வருடக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு இரண்டு நொடி சர்க்கரையாக இனித்தது.

இனிக்காமல் போனது ஏகாம்பரத்தின் டீதான். பெஞ்சு ஒன்று நூறாயிற்று. வரிசை மெரினாவைத் தொட்டு, தண்ணீரில் இறங்காமல் வளைந்து திரும்பியது. அவர் துணியோடு ஓடிக்கொண்டேயிருந்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்து கருகியது. ஒருநாள் மெய்மானி ‘நல்ல டீ’ என்ற பெயரை அவரிடமிருந்து எடுத்து, வழக்குகள் போனபின் டீ போட ஆரம்பித்திருந்த எதிர்ப்பக்கக் கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டது.

அடுத்த வருடம் ஒரு வேலையாகச் சென்னை வந்த வேலாத்தாள், அந்தப் பழைய வாரியத்துக்குள் நுழைந்தார். வழக்கு மன்றத்தில் இப்போது மேசைகள். நீதிபதி நாற்காலி இருந்த இடத்தில் அடுப்பு. நடனசபாபதி அதன்முன் நின்று, கொதிக்கும் தேயிலையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கப் போவார், வேண்டாம் என்று விடுவார், மறுபடி பார்ப்பார். முப்பது வருடம் எதையும் அவசரப்படாமல் ஒத்திவைத்து ஒத்திவைத்துப் பழகிய கை. அப்படி இறக்கிய டீயின் மணத்துக்குத் தெருவே சொக்கிப்போய் நின்றது.

“உட்காருங்கம்மா,” என்றார் அவர், கண்ணாடியைத் துடைத்தபடி. “சர்க்கரை?”

“அரை போடுங்க.”

வேலாத்தாள் குடித்தார். கண் தானாக மூடிக்கொண்டது. திறந்தபோது செவிமணி கேட்டது: “நல்ல டீ. பெயருக்குத் தக்கபடி இருந்ததா?”

கேள்வி நடனசபாபதிக்குக் கேட்டிருக்காது. ஆனால் வாடிக்கையாளர் காதில் அந்தக் கேள்வி எப்போது விழுகிறது என்று முகத்தைப் பார்த்தே அவருக்கு இப்போது தெரியும். கரண்டியைக் கையில் பிடித்தபடி, முன்பு வேலாத்தாள் நின்ற அதே இடத்தில், அதே மாதிரி, ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார்.

வேலாத்தாள் காலி டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

“ஒரு டம்ளரைக் குடிச்சுப்போட்டு எப்படிங்க தலைவரே தீர்ப்புச் சொல்றது? இன்னொன்னு போடுங்க. விசாரணை ஒத்திவைக்கப்படுதுங்க.”

நடனசபாபதி அடுப்பை இன்னும் கொஞ்சம் தணித்து வைத்தார்.