பின்னால் பிடிக்க ஒருவன்

லூயிஷாமில் அந்த வாடகை வீட்டுக்கு அவர்கள் வந்து சேர்ந்தது மழை பெய்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஜெஸ்ரினுக்கு வேலையே வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றி இறக்குவதுதான். தன் வீட்டுச் சாமான் என்றால் மட்டும் அவனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் என்று மனைவி பியற்றிஸ் கேலி செய்தாள்.

மாடிப்படிச் சுவரில், கீழிருந்து மேலாக, முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஏழு ஜப்பானியப் படங்கள். மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. எல்லாவற்றிலும் ஒரே பழைய நெடுஞ்சாலை: ஆறு, பாலம், சத்திரம், பனி, கடைசியில் மலை. முதல் படத்தில் திரை மூடிய பல்லக்கு ஒன்று மழையில் நின்றது. முன்கொம்பை ஒருவன் தோளில் வைத்திருந்தான். பின்கொம்புக்கு ஆளில்லை.

சாமான் தூக்குகிறவர்கள் எவனையும் தனியே தூக்க விடமாட்டார்கள். அது அவர்களுக்கு ஊறிப்போன பழக்கம்.

"பாவம், தனிய நிக்கிறான். பொறு தம்பி, பின்னாலை நான் பிடிக்கிறன்," என்று ஜெஸ்ரின் பெட்டியும் கையுமாகச் சிரித்தான்.

பியற்றிஸ் குசினிக்குள் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு வந்தாள். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பெட்டி படியில் கிடந்தது. ஜெஸ்ரின் இல்லை. வாசற்கதவு உள்ளே பூட்டியபடியே இருந்தது.

முதல் படத்தில் பல்லக்கைக் காணவில்லை.

அது இரண்டாவது படத்தில், பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. பின்னால் தூக்கியவன் ஜெஸ்ரினின் நீலக் கம்பளி ஜம்பர் போட்டிருந்தான்.

அவள் அந்தப் படத்தைக் கழற்றி எறிந்தாள். அதற்குள் பல்லக்கு மூன்றாவதற்குப் போய்விட்டது. கண்ணை இமைத்தாள். நான்காவது. அவனுடைய போனுக்கு அடித்தாள்.

எடுத்தான். மழைச் சத்தம். மூச்சிரைப்பு.

"இறக்கி வைச்சிட்டு வாங்கோப்பா!"

"ஏலாது. கொம்பு தோளை விட்டு எழும்புதில்லை."

"உள்ளுக்கை ஆர் இருக்கினம்?"

"என்ன கதைக்கிறீர்? நீர் இருக்கிறீர் எண்டுதானே தூக்கினனான்."

"நான் வீட்டிலை நிக்கிறன்! ஜெஸ்ரின், நான் வீட்டிலை!"

அவன் மூச்சுக்குப் பக்கத்தில், போனுக்குள், அவளுடைய குரலே மெதுவாகச் சொன்னது:

"நிக்காதேங்கோ. நடவுங்கோ."

தொடர்பு அறுந்தது.

ஏழாவது படத்தில் மலையும் வெறும் சாலையும் மட்டும் இருந்தன. அதற்கு மேல் படம் இல்லை, வெறும் சுவர். அந்தச் சுவருக்குள் இரண்டு பேரின் பாரமான காலடிகள் ஏறிக்கொண்டிருந்தன. பியற்றிஸ் சுவரில் கை வைத்தபடி, அவன் பெயரைச் சொல்லி அழுதுகொண்டு கூடவே ஏறினாள்.

படிகள் முடிந்துவிட்டன. காலடிகள் இன்னும் மேலே போய்க்கொண்டிருந்தன.