ஏரிப்பக்கம் மட்டும் திணறாத வண்டி

என் அக்காள் புருஷன் ஹெய்க்கா, செத்துப்போன பியேராவின் மோட்டார் பனிவண்டியை என் பட்டறைக்குள் இழுத்துக்கொண்டு வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். சூரியன் எழாத மாதம். வெளியே நீல இருட்டு. நோர்வேயின் இந்த வடகோடியில் அந்த இருட்டுக்கு யாரும் பயப்படுவதில்லை.

"ரிஸ்டென், இதைக் கொஞ்சம் பாரு. ஆக்சிலரேட்டரை அமுக்கினா மூச்சடைச்ச மாதிரி நிக்குது. அப்புறந்தான் சீறுது."

"வண்டி உங்களுதா அத்தான்?"

"ஏரியிலேருந்து கயிறு கட்டி இழுத்தது யாரு? நான். அப்ப எனக்குத்தானே?"

அவன் யோக்கியதை அவ்வளவுதான். போன குளிர்காலத் தொடக்கத்தில் மெல்லிய பனிக்கட்டி உடைந்து பியேரா வண்டியோடு உள்ளே போனபோது, தன் வண்டியில் கூடப் போனவன் இவன் ஒருவன்தான். "பின்னாடி வர்றான்னு நெனச்சேன், திரும்பினா ஆளைக் காணோம்" என்று யார் காப்பி ஊற்றினாலும் அந்த வீட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வான். வசந்தத்தில் வண்டி கிடைத்தது. பியேரா கிடைக்கவில்லை. கிடைத்த வண்டியை நேராகத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான் இந்தப் புண்ணியவான்.

பிளக்கைக் கழற்றினேன். நுனி வெளுத்திருந்தது. குளிர்காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, சாதாரணக் கோளாறு. பெட்ரோல் கூடுதலாக வரும்படி பெரிய ஜெட் மாட்டலாம் என்று கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்தேன்.

உள்ளே தண்ணீர். சேற்று வாடை.

துடைத்து, தொட்டியைக் காலி செய்து, என் டப்பாவிலிருந்து புதுப் பெட்ரோல் ஊற்றினேன். கிளப்பினேன். திணறியது. மறுபடி திறந்தேன்.

மறுபடி தண்ணீர்.

அப்போதுதான் பியேராவின் மனைவி மாரெத் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"ஹெய்க்கா, அதை என் வீட்டுல கொண்டாந்து விட்டுரு."

"பழைய இரும்பு உனக்கு எதுக்கு? அவன மாதிரி மான் மந்தையை நீ வெரட்டப் போறியா?"

"அவரு இன்னும் அதுலேருந்து எறங்கல" என்றாள் மெதுவாக.

"அப்ப இறுக்கமாப் புடிச்சுக்கச் சொல்லு!" தானே சிரித்தான்.

கிண்ணத்தை மீண்டும் துடைத்து மூடினேன். "இன்னும் சரியாகல அத்தான், எடுக்காதீங்க" என்றேன். கேட்டால்தானே? எங்களுக்கு வீரத்தைக் காட்டவேண்டுமாம். பட்டறைக்குப் பின்னால் இறங்கும் சரிவில் ஏரியை நோக்கி ஓட்டினான்.

வண்டி திணறவில்லை. அத்தனை சீரான எஞ்சின் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

கரைப்பக்கம் திருப்பினான். அடைத்தது. ஏரிப்பக்கம் திருப்பினான். சீறியது. மறுபடி கரை. மறுபடி அடைப்பு.

பட்டறை விளக்கொளியில் பார்த்தேன். வண்டியின் பின்புறம் அமுங்கி, முன்பக்கச் சறுக்குச் சட்டங்கள் தூக்கியிருந்தன. இரண்டு பேர் ஏறிய வண்டி அப்படித்தான் போகும்.

"ஆக்சிலரேட்டர்லேருந்து கையை எடுத்துட்டேன்!" என்று அலறினான். "ரிஸ்டென், நான் அமுக்கவே இல்ல!"

எஞ்சின் இன்னும் வேகம் பிடித்தது.

மாரெத் என் கையைப் பற்றினாள். பனிக்கட்டியின் மேல் குரல் வெகுதூரம் வரும். அடுத்து அவன் பேசியது எங்களிடம் அல்ல.

"பாத்தேன்டா... நீ கையை நீட்டினதப் பாத்தேன்... பயந்து ஓடிட்டேன்டா. விட்டுர்றா பியேரா!"

மாரெத்தின் பிடி இறுகியது.

ஹெய்க்கா குதித்து உருண்டான். ஆளில்லாத வண்டி ஏரியின் நடுவுக்குப் போய், தானாக நின்றது. அங்கே அமைதியாக உறுமிக்கொண்டிருந்தது.

நாலு காலில் தவழ்ந்து கரையேறினான். கால்சட்டை நனைந்திருந்தது, ஏரித் தண்ணீரால் அல்ல. மூச்சு வாங்க முதலில் கேட்டது இதைத்தான்:

"நீங்க... ஒண்ணும் கேக்கலல்ல?"

"எல்லாம் கேட்டுச்சு" என்றேன்.

"ஒழுங்கா ரிப்பேர் பண்ணத் தெரியல உனக்கு" என்றான். அப்போதும் பழியைப் போட அவனுக்கு வேறொருவர் தலை வேண்டியிருந்தது. அன்று மாலையே அக்காளிடம் சொன்னேன். அவள் அவனுடைய துணிகளை வாசலில் எடுத்து வைத்தாள். இப்போது எந்த வீட்டிலும் அவனுக்குக் காப்பி கிடையாது.

அன்றே, ஏரி நடுவில் நின்ற வண்டியை எடுத்து வர மாரெத் தனியாகவே பனிக்கட்டியில் நடந்தாள். நான் தடுத்தேன், கேட்கவில்லை. ஏறி, கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பின்னால் யாருக்கோ இடம் விடுகிறவள் மாதிரி. வீடுவரை எஞ்சின் ஒருமுறைகூட அடைக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் பெரும்பனி கொட்டியது. மறுநாள் அவள் முற்றத்துக்குப் போனேன். கூரை, விறகுக் குவியல், வேலி எல்லாம் முழங்கால் உயரத்துக்கு மூடிக்கிடந்தன. வண்டியும்தான்.

இருக்கையின் பின்பாதியில் மட்டும் ஒரு துளிப் பனி இல்லை.

கையுறையைக் கழற்றி அந்த இடத்தைத் தொட்டேன்.

சூடாக இருந்தது.