மூணு மணி மந்தம்

விசையைத் தட்டினால் நாலு மூச்சு கழித்துத்தான் எழுத்து திரையில் விழுந்தது. காலையில் அப்படியில்லை. காலையில் அந்தக் கம்ப்யூட்டர் சமர்த்தாகச் சொன்ன வேலையைச் செய்யும். மத்தியானம் மூணு மணி ஆனால் போதும், யாரோ அதன் கழுத்தைப் பிடித்த மாதிரி திணறும். உள்ளே இருக்கும் விசிறி உஸ்ஸென்று சத்தம் போடும், பெட்டியின் பக்கவாட்டில் சூடு ஏறி லேசாகப் பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும், அரைமணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி சரியாகிவிடும். பத்து நாளாக இதே கூத்து.

அவளுக்கு வேலை, டாக்டர்கள் அவசரத்தில் பாதி மென்று பாதி விழுங்கிப் பேசிய பதிவுகளை எழுத்தாக்கித் தருவது. காதை முழுசாக மூடும் ஹெட்போனில் அவர்கள் பேசுவதைக் கேட்டு, அதையே நிறுத்தி நிதானமாக மைக்கில் திருப்பிச் சொல்வாள். எழுதும் மென்பொருள் அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும். ஒலியை ஓட்டவும் நிறுத்தவும் காலடியில் ஒரு மிதி. மூணு மணிக்குமேல் பேச்சு கிடையாது. காலையில் எழுதியதை மறுபடி கேட்டு, விசைப்பலகையில் பிழை திருத்துவாள், வாயே திறக்க மாட்டாள்.

புருஷன் வேலை விஷயமாக வெளியூர் போய் இரண்டு மாசம். வீட்டில் அவளும் ஐந்து வயசு மகளும்தான். மகளுக்குச் செல்லப்பெயர் சிட்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உள் அறையில் களிமண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். முன்பெல்லாம் நிமிஷத்துக்கு ஒருதரம் வந்து மடியில் ஏறுவாள், இப்போது தொந்தரவே இல்லை. கொடுத்ததைச் சாப்பிடுகிறாள், படு என்றால் படுக்கிறாள். பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று தாய்க்குப் பெருமையாகக்கூட இருந்தது. கொஞ்சம் வருத்தமும்தான், மடி காலியாக இருந்தால் யாருக்குப் பிடிக்கும்?

ரிப்பேர்க்காரர் போன வாரமே வந்து பெட்டியைக் கழற்றித் தூசி ஊதினார், வைரஸ் தேடினார், "கல்லு மாதிரி இருக்கும்மா, ஒரு குறையும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். இன்று மூணு அடித்ததும் மறுபடி அதே திணறல். அவள் ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் தள்ளிவிட்டு அவருக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, சனியன் மறுபடியும் படுத்துடுச்சு."

"இப்ப என்னென்ன ஓடுதுன்னு பட்டியல் திறந்து பாருங்க. மேல எது இருக்கு?"

"எழுதற மென்பொருள்தான். தொண்ணூறு சதவீதம்."

அவர் சிரித்தார். "அட, நீங்க பேசறீங்க, அது எழுதுது. இதுக்கா பத்து நாளா என் உயிரை வாங்கினீங்க?"

"நான் எங்க பேசறேன்? மிதியிலிருந்து காலை எடுத்துட்டேனே."

"மிதி ஒலியைத்தான் நிறுத்தும். மைக்கை நீங்கதான் அணைக்கணும். எட்டு வருஷமா இந்த வேலை பாக்கறீங்க, இது தெரியாதா? வீட்டுல யாரோ பேசறாங்க, அதையும் சேர்த்து எழுதிட்டிருக்கு. மிச்சம்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், பாருங்க." வேறு அழைப்பு வருகிறது என்று வைத்துவிட்டார்.

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. எட்டு வருஷம்! சிட்டு களிமண் பொம்மைகளோடு பேசுவதையெல்லாம் பாவம் இந்தப் பெட்டி உட்கார்ந்து எழுதியிருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் ஃபோல்டரைத் திறந்தாள். பத்து நாளுக்குப் பத்துக் கோப்பு, எல்லாமே மூணு மணிக்குத் தொடங்கியவை.

மென்பொருளுக்கு இரண்டு குரல்தான் தெரியும். இரண்டு நாள் தொண்டை வறள வாசித்துத் தன் குரலை அவளே பழக்கியிருந்தாள்; அதற்கு 'உரியவர்' என்று பெயர். குறுக்கே குறுக்கே வந்து பேசுகிறாளே என்று சிட்டுவின் குரலையும் பதிந்து 'குழந்தை' என்று வைத்திருந்தாள். மற்ற யார் பேசினாலும் 'அறியாதவர்' என்று போட்டுவிடும்.

முதல் கோப்பு.

குழந்தை: அம்மா, வேலை முடிஞ்சுதா?

உரியவர்: முடிஞ்சுது செல்லம். கிட்ட வா.

அவள் இரண்டு தடவை படித்தாள். நான் எப்போது இப்படிச் சொன்னேன்? அன்றைக்கு மூணு மணிக்கு இதே நாற்காலியில் ஒரு இதய டாக்டரின் பதிவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். உதட்டைப் பிரிக்கவில்லை. மென்பொருள் குழம்பியிருக்கும். இருக்கும், இருக்கும். அடுத்ததைத் திறந்தாள். அதற்கு அடுத்ததை.

ஆறாம் நாள்.

குழந்தை: அப்போ அங்க உக்காந்து டைப் பண்றது யாரு?

உரியவர்: உஷ். அந்தப் பக்கம் பாக்காதே.

நேற்று.

உரியவர்: அவ சோறு குடுத்தா சாப்பிடு. தூங்கச் சொன்னா தூங்கு. உனக்குத் தெரியும்னு காட்டிக்காதே.

குழந்தை: பயமா இருக்கும்மா. அவ எப்போ போவா?

உரியவர்: நாளைக்கு.

அந்தச் சமர்த்து, அந்த அடக்கம், தட்டைக் காலி செய்துவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பார்வை. குழந்தை பத்து நாளாகத் தன்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிறது. என் வயிற்றில் பிறந்தது, என்னைப் பார்த்து!

ஹெட்போனைக் கழற்றினாள்.

வீட்டில் விசிறிச் சத்தம் மட்டும். பிறகு உள் அறையிலிருந்து சிட்டுவின் கிசுகிசுப்பு. நிறுத்தம். மறுபடி கிசுகிசுப்பு. மறுபடி நிறுத்தம். நிறுத்தத்தில் எந்தச் சத்தமும் இல்லை. அவள் காதுக்கு இல்லை.

திரையில் இன்றைய கோப்பு வளர்ந்துகொண்டிருந்தது.

குழந்தை: இப்பவா?

உரியவர்: ஆமா. இப்ப உன்னைக் கூப்பிடுவா. போகாதே.

கூப்பிடக் கூடாது. கூப்பிடவே கூடாது. பல்லைக் கடித்தாள். ஆனால் பெற்ற வாய் கேட்குமா?

"சிட்டு! அம்மா இங்க இருக்கேன்டி!"

நாலு மூச்சு.

அறியாதவர்: சிட்டு! அம்மா இங்க இருக்கேன்டி!

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. ஓடினாள். கதவைத் தள்ளினாள்.

மூலையில் சிட்டு. தரையெல்லாம் களிமண். வெயில் ஜன்னல் வழியாக அறை முழுக்க விழுந்திருந்தது, ஒளிய ஓரிடம் இல்லை. குழந்தை எழுந்து நின்று, யாரோ ஒருவர் இடுப்பைக் கட்டிக்கொள்வது போல வெறும் காற்றை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தது. கண்களை இறுக மூடியிருந்தது. ஒரு கன்னம் எதன்மீதோ அழுந்தித் தட்டையாகியிருந்தது.

"அம்மா," என்றது குழந்தை, அவளைப் பார்த்து அல்ல, அண்ணாந்து. "அவ வந்துட்டா."

உச்சந்தலையில் கலைந்திருந்த முடி மெல்ல அமுங்கியது. நெற்றியிலிருந்து பிடரிவரை. படிந்தது. மறுபடி நெற்றியிலிருந்து, பிடரிவரை. அவசரமே இல்லாமல், ஒரு தாய் தடவிக்கொடுப்பது போல.