வெள்ளைச் சப்பாத்து, சைஸ் 49

தொலைபேசி அலறியது.

ஒஸ்லோ நகரின் புருசெத் பகுதி, அடுக்குமாடியின் மூன்றாம் தளம். பிட்டையும் மீன்குழம்பையும் பிசைந்துகொண்டிருந்த அல்பேர்ட்டின் கை அப்படியே நின்றது. சனிக்கிழமை, பிற்பகல் இரண்டே முக்கால். இந்த நேரத்தில் அவனுக்கு நல்ல செய்தி வந்த சரித்திரமே இல்லை.

மனைவி அருள்ராணி ரிசீவரை அவன் காதில் வைத்தாள்.

"அல்பேர்ட் அங்கிள்... நான் திலக்சன். என்ரை சீவியம் முடிஞ்சுது..."

"ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?"

"என்ரை சப்பாத்தைக் காணேல்லை."

அல்பேர்ட் ஏக்கத்தோடு பிட்டைப் பார்த்தான்.

"தம்பி, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறன்."

மறுமுனையில் விசும்பல். இருபத்து மூன்று வயது, ஆறடி ஏழு அங்குலம், கூடைப்பந்து லீக்கில் விளையாடும் இரண்டே இரண்டு தமிழரில் ஒருவன்... குழந்தைப் பிள்ளை போல அழுதான்!

அல்பேர்ட்டின் தொழில், நகரின் பெரிய கடைத்தொகுதி ஒன்றில் சாதாரண உடையில் உலாவி, சாமான் களவெடுப்பவர்களை அமுக்குவது. பதினோரு வருடச் சேவை. அதனால் புருசெத்தில் ஒரு பூனை காணாமல் போனாலும் தமிழ்ச்சனம் பொலிசுக்கு முன் அவனைத்தான் கூப்பிடும்.

"போய்ப் பாருங்கோவன்," என்றாள் அருள்ராணி. "பிட்டு எங்கையும் ஓடாது."

கார்ச் சாவியை எடுத்தான்.

மூன்று மணி. விளையாட்டு மண்டபத்தின் உடைமாற்றும் அறை.

திலக்சன் வாங்கில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். காலடியில் அவனுடைய பை.

"வேறை ஒரு சோடியைப் போட்டு விளையாடன்."

"ஏலாது அங்கிள். இந்த வருசம் லீக்கிலை புது றூல். எங்கடை டீம் எண்டால் எல்லாருக்கும் வெள்ளைச் சப்பாத்து. வேறை நிறம் எண்டால் கோர்ட்டுக்குள்ளை கால் வைக்க விடாயினம். நாலரைக்கு லீக்கின்ரை ஆள் வந்து ஒவ்வொரு காலாப் பாப்பார்."

"அப்ப கடையிலை ஒரு வெள்ளைச் சோடி வாங்குவம்."

"சைஸ் நாப்பத்தொன்பது. ஒஸ்லோவிலை ஒரு கடையிலையும் இல்லை. அமெரிக்காவிலையிருந்து எடுப்பிச்சனான். வந்து சேர மூண்டு கிழமை."

அல்பேர்ட் தலையைச் சொறிந்தான்.

"ஜேர்மன் கிளப்பிலையிருந்து ஒராள் என்னைப் பாக்கவெண்டே வந்திருக்கிறார்," திலக்சனின் குரல் உடைந்தது. "மாட்ச் முடிய பிளேன் ஏறிடுவார். இண்டைக்கு விளையாடாட்டி எல்லாம் போச்சு, அங்கிள். பத்து வருசமா இதுக்குத்தான் ஓடினனான்."

அல்பேர்ட்டுக்கு மனசு இளகிவிட்டது. பிட்டை மறந்தான்.

"நீ விளையாடாட்டி உன்ரை இடத்திலை ஆர் இறங்குவினம்?"

"றெஜினோல்ட். பியோர்ண்டால் பக்கத்துத் தமிழ்ப் பெடியன்."

"இப்ப எங்கை அவன்?"

"அரை மணித்தியாலமா பாத்றூமுக்குள்ளை. கதவைத் திறக்கிறானில்லை..."

அல்பேர்ட்டின் கண்கள் பளிச்சிட்டன.

ஒரு பாய்ச்சல். கதவில் மூன்று தட்டு. திறந்த றெஜினோல்ட்டின் விரல்கள் பத்திலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. முதுகுக்குப் பின்னால் எதையோ ஒளித்தான்.

"காட்டு."

"அங்கிள்... லீக்குக்குச் சொல்லிப்போடாதேங்கோ..."

நீட்டினான். ஒரு சோடி சப்பாத்து. சைஸ் நாற்பத்து நான்கு. சிவப்பு. அதில் பாதியை வெள்ளை மையால் பூசி முடித்திருந்தான், எழுத்துப்பிழை அழிக்கிற அதே மை! ஆறு போத்தல் காலியாகத் தரையில் உருண்டன.

"என்னட்டை வெள்ளை இல்லை அங்கிள். போன மாட்ச்சும் இப்பிடித்தான் சமாளிச்சனான்."

"சரி, பூசு பூசு. இடது காலிலை இன்னும் சிவப்புத் தெரியுது."

சந்தேக நபர் நம்பர் ஒன்று அவுட். அல்பேர்ட் திரும்பி வந்து, திலக்சனின் பையைத் தலைகீழாகக் கொட்டினான். துவாய், கால்மேசு, இரண்டு பெரிய தண்ணீர்ப் போத்தல்... ஒரு சின்னத் துணிப் பொட்டலம்.

அவிழ்த்தான். கறுப்பாக, பொடிப்பொடியாக ஏதோ ஒன்று. அல்பேர்ட் சட்டென்று குரலைத் தாழ்த்தினான்.

"டேய்... உண்மையைச் சொல்லு. போதை மருந்தோ?"

"இது எள்ளு, அங்கிள். அம்மா சனிக்கிழமையிலை விளக்கிலை எரிக்கிறவ."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ பையை எப்ப தூக்கினனீ?"

"ரெண்டு மணிக்கு. பாரமாத்தானே இருந்தது..."

"தண்ணிப் போத்தல் நீ வைச்சனியோ?"

"இல்லை."

"ஏறு காரிலை!"

மூன்று இருபத்தைந்து. திலக்சனின் தாய் புஷ்பமலர் கதவைத் திறந்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். பிறகு அல்பேர்ட்டின் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தார்.

"ஓம். நான்தான் எடுத்தனான்."

பதினோரு வருடச் சேவையில் இவ்வளவு விரைவாக யாரும் குற்றத்தை ஒப்புக்கொண்டதில்லை. அல்பேர்ட்டுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"ஏனக்கா?"

"தம்பி, இவன் கடகராசி. ஏழரைச்சனி நடக்குது. கோயிலடியிலை காலிலை போடுறது களவுபோனால் அதோடை சனியும் போயிடும் எண்டு ஊரிலை சொல்லுறவை. இவன்ரை பழைய செருப்பை நாலு சனிக்கிழமை கோயில் வாசலிலை வைச்சுப் பாத்தன். ஒருத்தரும் தொடேல்லை. கோயிலிலை துண்டு குடுக்கிற சிறிதேவி நாலு முறையும் ஒரு பையிலை போட்டுத் திருப்பித் தந்தவ. இந்த நாட்டிலை ஒரு நல்ல கள்ளனும் இல்லை, தம்பி."

"அதுக்கு..."

"நல்ல சப்பாத்தெண்டால் ஆரும் எடுப்பினம்தானே? காலமை பத்து மணிக்குக் கொண்டுபோய் வாசலுக்கு வெளியிலை வைச்சிட்டு வந்தனான். இவனுக்கு இன்னொரு சோடி நீலத்திலை கிடக்குது."

"அம்மா, நீலம் போட ஏலாது! வெள்ளைதான் றூல்!"

புஷ்பமலரின் முகம் வெளிறியது.

"சப்பாத்தின்ரை நிறத்துக்கும் றூல் வைச்சிருக்கினமோ? ஆருக்கடா தெரியும்?" கண்கள் நிறைந்துவிட்டன. "தெரியாத தேசத்துக்குத் தனியப் போகப்போற பிள்ளை. சனியையும் கூட்டிக்கொண்டோ போறது எண்டுதான்..."

திலக்சனால் கோபப்பட முடியவில்லை. தாயின் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப்போனான்.

மூன்று ஐம்பது. கோயில் வாசல்.

சப்பாத்து இல்லை!

"போயிட்டுதே..." புஷ்பமலர் தன்னை மறந்து இரு கைகளையும் கூப்பினார். மகன் படியில் சரிந்ததைக் கண்டதும் கூப்பிய கைகளை அவசரமாகப் பிரித்துக்கொண்டார்.

உள்ளே அர்ச்சனைத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்த சிறிதேவியிடம் ஓடினான் அல்பேர்ட்.

"அக்கா, வாசலிலை கிடந்த பெரிய வெள்ளைச் சப்பாத்தை ஆர் எடுத்தது?"

"அதுவோ? கடற்கோள் அடிச்ச சனத்துக்கு அனுப்பவெண்டு உடுப்பு மூட்டையள் சேத்து வைச்சிருந்தனாங்கள். சேர்ச்சிலையிருந்து ஒரு வேதக்கார அம்மா பதினொரு மணிபோலை வந்து ஏத்தினவ. சப்பாத்து மூட்டைக்குப் பக்கத்திலை கிடந்தது, அதையும் தூக்கிப் போட்டவ."

"ஐயோ... கப்பல் ஏத்தியாச்சோ?"

"திங்கக்கிழமைதான் கொண்டுபோய்க் குடுக்கிறது எண்டவ. அவசரமெண்டால் தேடிப் பிடியுங்கோ. நீல டொயோட்டா. கணக்காயிருக்க வேணுமெண்டு நம்பரும் குறிச்சு வைச்சனான்."

துண்டுக் காகிதத்தை நீட்டினாள்.

அல்பேர்ட் வாசித்தான். இன்னொருமுறை வாசித்தான். மெதுவாகத் தலையைத் திருப்பி, வாசலில் தான் நிறுத்திவிட்டு வந்த காரைப் பார்த்தான்.

நீல டொயோட்டா. அதே இலக்கம்.

"என்ன அங்கிள்? ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியும்," என்றான் அல்பேர்ட். "பதினாறு வருசமாத் தெரியும்."

டிக்கியைத் திறந்தான். மூட்டைகளுக்கு மேலே, இரண்டு வள்ளங்கள் போல, பளீரென்று சிரித்தன வெள்ளைச் சப்பாத்துகள்.

நாலு இருபத்தெட்டு. திலக்சன் காலை நீட்டினான். லீக்கின் ஆள் குனிந்து பார்த்தார். வெள்ளை. தலையசைத்தார். பக்கத்தில் றெஜினோல்ட்டின் கால்களை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார்.

அதற்குப் பிறகு நடந்தது விளையாட்டா, வேட்டையா? திலக்சன் ஒருவனே முப்பத்தொரு புள்ளி! புஷ்பமலர் கண்ணைத் திறக்காமலே நாற்பது நிமிடமும் உட்கார்ந்திருந்தார். கடைசி மணி அடித்ததும், ஜேர்மன்காரர் விமானத்தை மறந்து பேனாவைத் தேடினார்.

கையெழுத்து வைத்த கையோடு திலக்சன் ஓடிவந்து அல்பேர்ட்டைக் கட்டிப்பிடித்தான்.

"அங்கிள், நீங்கள் இல்லாட்டி நான் இல்லை. உங்களுக்கு நான் என்ன பரிசு தர?"

அல்பேர்ட் நெஞ்சை நிமிர்த்தி, மீசையைத் தடவி, வாயைத் திறந்தான்.

அதற்குள் ரயில் பிடித்து வந்து, புஷ்பமலரிடம் முழுக் கதையையும் கேட்டுவிட்ட அருள்ராணி, பின்னாலிருந்து சொன்னாள்:

"பரிசு களவைப் பிடிச்சவைக்குத்தான், தம்பி. களவுபோன சாமானை டிக்கியிலை வைச்சுக்கொண்டு ஒஸ்லோ முழுக்கத் தேடித் திரிஞ்சவைக்கு ஆறின பிட்டுத்தான்!"