இரண்டாம் சங்குக்கும் மூன்றாம் சங்குக்கும் நடுவே

பிரைடி வந்து இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை பகல். பிக்கப் வண்டியின் பின்னால், இரண்டு பன்றிக்குட்டிகளுக்கும் ஒரு மூட்டை டாரோ கிழங்குக்கும் நடுவில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே வந்தாள். பிரிஸ்பேனில் கிளம்பி இரண்டு நாள் ஆகியிருந்தது. படகில் நாலு தடவை வாந்தி எடுத்தாளாம், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தொப்பியை எடுத்ததும் செம்பு நிற முடி சரிந்து இடுப்பில் விழுந்தது. பன்றிக்குட்டிக்காரன் கூடக் குட்டிகளை மறந்துவிட்டுப் பார்த்தான்.

எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடிக்கவில்லை.

நான் மசினா. அப்போது எங்கள் தீவு நாட்டின் தலைநகரான ஆப்பியாவில் நர்சிங் கடைசி வருஷம். ஆறு மாதக் கிராமப் பயிற்சிக்காக சவாயி தீவின் இந்த வடகரைக்கு வந்து நாலு மாதம் ஓடியிருந்தது. நாலு கட்டில், ஒரு மருந்து அலமாரி, மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காத தகரக் கூரை. இதுதான் சுகாதார நிலையம். பிரைடியும் நர்சிங் மாணவிதான். வெளிநாட்டில் கிராமத்து வைத்தியம் எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ள அவள் கல்லூரி நாலு வாரத்துக்கு அனுப்பியிருந்தது. எனக்கு ஒதுக்கிய சின்ன அறையில் அவளுக்கும் ஒரு பாய் போட்டார்கள். புதுப் பாய். என்னுடையது ஓரம் பிய்ந்தது.

வாசலில் ஒரு கல்லறை. எங்கள் பக்கம் செத்தவர்களை வீட்டு முற்றத்திலேயே வைத்துக்கொள்வோம். மேலே துணி காயப்போடுவோம், பிள்ளைகள் ஏறிக் குதிக்கும். ஆனால் இந்தக் கல்லறை மேல் ஒரு கைக்குட்டை கூடக் காய்ந்து நான் பார்த்ததில்லை. அது ரூட்டா சிஸ்டருடையது. முப்பத்தோரு வருஷம் இங்கே நர்சாக இருந்தவர். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிரசவத்தில் குழந்தையைக் கையில் ஏந்துகிற நர்சின் பெயரையே குழந்தைக்கு வைப்பார்கள். அதனால் இந்த ஊரில் "ரூட்டா" என்று கூப்பிட்டால் கிணற்றடியிலிருந்து பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் வந்த முதல் நாளே பொறுப்பு நர்ஸ் சியெனி சிஸ்டர் என்னை அந்தக் கல்லறைக்குத் தள்ளி நிறுத்திச் சொன்னார்.

"ரூட்டா சிஸ்டருக்கு முழங்கால் வரைக்கும் முடி. கடைசியில ஒரு சீக்கு வந்து அத்தனையும் கொட்டிப்போச்சு. மொட்டைத் தலையோடதான் பொதைச்சோம். அதுலேர்ந்து முடி வச்சிருக்கிற பொண்ணைக் கண்டா ஆகாது. சாயங்காலம் ரெண்டாவது சங்கு ஊதினதுலேர்ந்து மூணாவது சங்கு வரைக்கும் முடியை அவுத்துப் போட்டுக்கிட்டு வெளியில உக்காரக் கூடாது. கல்லறையோரம் நிக்குதே, அந்தச் செம்பருத்தியிலேர்ந்து பூவும் பறிக்கக் கூடாது. புரியுதா?"

"உக்காந்தா?"

"வந்து சீவி விடுவா. யாராவது அந்தப் பொண்ணைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா விட்டுட்டுப் போயிடுவா. அவ்வளவுதான். பேர்னா அவளுக்கு உசிரு."

தினமும் சாயங்கால ஜெபத்துக்கு ஊரில் மூன்று தடவை சங்கு ஊதுவார்கள். முதல் சங்குக்கு எல்லோரும் வீடு திரும்ப வேண்டும். இரண்டாவதுக்கு ஜெபம் தொடங்கும். மூன்றாவது ஊதும்வரை ரோட்டில் ஒரு ஆள் நடக்கக் கூடாது. நடந்தால் ஊர்ப் பெரியவர்கள் அபராதமாகப் பன்றி கேட்பார்கள். அந்தப் பதினைந்து நிமிஷம் ஊரே கண்ணை மூடியிருக்கும்.

பிரைடி வந்த அன்று சியெனி சிஸ்டர் என்னிடம், "நீயே அவகிட்டச் சொல்லிடும்மா. இங்கிலீஷ்ல பேய்க் கதை சொல்ல எனக்கு வராது" என்றார்.

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. முதல் வாரம் மறந்துதான் போனேன். அவளும் படகுக் களைப்பில் சங்கு ஊதுவதற்கு முன்பே தூங்கிவிடுவாள். இரண்டாவது வாரம் முதல் மறக்கவில்லை.

ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. எங்கள் மொழியில் அவளுக்குத் தெரிந்தது பத்து வார்த்தை. அதில் எட்டு தப்பு. ஒவ்வொரு தப்புக்கும் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் நாலு மாதமாகச் சீழ்ப்புண் கழுவினேன், சர்க்கரை நோய்க்காரர்களின் கால் விரல் நடுவே புண் இருக்கிறதா என்று தேடித் தேடிப் பார்த்தேன், எனக்கு அவித்த வாழைக்காய். அவள் ஒரு நாள் ஒரு கிழவனுக்கு ரத்த அழுத்தம் பார்த்தாள், அவளுக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த மீன், அதுவும் தலைப் பக்கம். எனக்கு வயிறு எரிந்தது. மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது?

நான் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று. இந்த ஊரில் ஒரு குழந்தைக்காவது மசினா என்று பெயர் வர வேண்டும். பத்து ரூட்டாக்களுக்கு நடுவில் ஒரு மசினா. அதற்காகத்தான் கர்ப்பமாக இருந்த லூபேயை நம்பியிருந்தேன். எரிமலைக் கற்காட்டைத் தாண்டி அவள் வீடு. வாரா வாரம் முக்கால் மணி நேரம் செருப்புத் தேய நடந்து போய் அவள் வீங்கிய காலை மடியில் வைத்துப் பார்த்தவள் நான். "பொண்ணு பொறந்தா உன் பேருதான்" என்று அவளேதான் சொல்லியிருந்தாள்.

மூன்றாவது வாரம், குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாள். மாதர் சங்கத்தின் சுவரில்லாத கூடத்தில், உத்தரத்தில் தராசைத் தொங்கவிட்டுத் தூளி கட்டியிருந்தோம். நான் குழந்தையைத் தூளியில் போட, பிரைடி எடையைப் படித்தாள். அவள் படித்த ஒவ்வொரு எண்ணுக்கும் கைதட்டல். எண்ணுக்குக் கூடக் கைதட்டுவார்களா?

"மசினா, உன் மூஞ்சி ஏன்டி புளிச்ச தேங்காய்ப்பால் மாதிரி இருக்கு?" என்றாள் சங்கத் தலைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போது லூபே வயிற்றைத் தாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கோவிச்சுக்காதடி. பிரைடிதான் என் புள்ளைய ஏந்தணும்னு இருக்கேன். பொண்ணா இருந்தா அவ பேரையே வச்சிடுவேன். ஊருக்குப் போனாலும் அவ நம்மள நெனைச்சுக்குவால்ல? நீ எங்க போகப் போற, இங்கதான இருக்கப் போற."

தூளியில் இருந்த குழந்தை என் கையில் ஒன்றுக்குப் போனது. நான் துடைத்துக்கொண்டேன். "உன் இஷ்டம்" என்றேன்.

அன்று சாயங்காலம் முதல் சங்கு ஊதியபோது சியெனி சிஸ்டர் பாஸ்டர் வீட்டு ஜெபத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். பிரைடி ஊற்றில் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். ஈர முடி முதுகெல்லாம் ஒட்டியிருந்தது.

"உள்ள புழுக்கமா இருக்கு. படிக்கட்டுல உக்காந்து காய வச்சுக்கட்டுமா?"

"உக்காரேன்."

"எதுவும் தப்பில்லையே? உங்க பழக்கமெல்லாம் எனக்கு இன்னும் சரியாத் தெரியல."

"என்ன தப்பு?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எட்டி அந்தச் செடியில் ஒரு செம்பருத்தியைப் பறித்து, அவள் காதோரம் நானே செருகினேன். என் விரல்களில் மஞ்சள் மகரந்தம் ஒட்டியது. "இப்பத்தான் எங்க ஊர்ப் பொண்ணு மாதிரி இருக்க."

அவள் சந்தோஷத்தில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

இரண்டாவது சங்கு ஊதியது.

நான் அறைக்குள் வந்து ஜெபப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன். தூரத்தில் வீடு வீடாகப் பாட்டு எழுந்தது. வெளிச்சம் பழுப்பாக மங்கியது. கோழிகள் மரமேறிவிட்டன. காற்று நின்றது. கடல் சத்தம்கூடக் காதுக்கு வரவில்லை.

முதலில் வாசனைதான். பழைய தேங்காய் எண்ணெய். அதற்கடியில் பினாயில்.

பிறகு சத்தம்.

சரக்... சரக்...

ஈர முடியில் சீப்பு இழுபடும் சத்தம். பிரைடியிடம் சீப்பு இல்லை. அது என் பாயின் மேல், என் கண்ணெதிரே கிடந்தது.

"மெதுவா, மசினா" என்றது வெளியிலிருந்து பிரைடியின் குரல். சிரிப்பு கலந்திருந்தது. "வலிக்குது."

என் இரண்டு கையும் புத்தகத்தின் மேல் இருந்தன.

சரக்... சரக்... சரக்...

"மசினா, போதும்ப்பா. நிஜமாவே வலிக்குது."

ஒரு பெயரைச் சொன்னால் போதும். மூன்றே எழுத்து. அறையிலிருந்து படிக்கட்டு எட்டடி. நாக்கில் அந்தப் பெயர் வந்து நின்றது. அதே பெயரை லூபே தன் குழந்தையைப் பார்த்துக் கூப்பிடுவதும் காதில் கேட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை.

பாட்டு நின்றது. சீப்புச் சத்தமும் நின்றது. என் கழுத்துக்குப் பின்னால், காதில் மூச்சுப் படுகிற தூரத்தில், யாரோ ரொம்ப அன்பாகக் கேட்டார்கள்.

"போதுமா?"

மூன்றாவது சங்கு ஊதியது.

ஓடிப் போய்ப் பார்த்தேன். பிரைடி படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். தலை வழவழவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அவளுக்கு இன்னும் தெரியவில்லை. "தேங்க்ஸ்" என்றாள் என்னைப் பார்த்து. பிறகுதான் கையைத் தலைக்குக் கொண்டுபோனாள்.

அந்தச் செம்பு முடி முழுவதும் கல்லறை மேல் கிடந்தது. அழகாகப் பின்னி, நுனியில் முடிச்சுப் போட்டு. பூவை மட்டும் காணவில்லை.

சியெனி சிஸ்டர் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சொன்னேல்ல அவகிட்ட?"

"சொன்னேன் சிஸ்டர். அவ கேக்கல."

மறுநாள் பிரைடியைக் காய்ச்சலோடு படகில் ஏற்றினார்கள். தலையில் என் துண்டைக் கட்டியிருந்தாள். படகுத்துறையில் என்னைக் கட்டிக்கொண்டு, "உன் மேல கோவமில்ல. நீ வேணும்னேவா அப்படிச் சீவியிருப்ப?" என்று அழுதாள். அதன் பிறகு தனக்கு முடி வளரவே இல்லை என்று ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதினாள். வாழ்த்து மட்டும் வருஷம் தவறாமல் வரும். நான் ஒன்றுக்கும் பதில் போட்டதில்லை.

ஒன்பது நாள் கழித்து லூபேக்குப் பெண் பிறந்தது. ஏந்தியது நான்தான். "மசினா" என்றாள் லூபே, வேர்வையோடு. நான் அழுதுவிட்டேன். பிறகு குழந்தையின் தலையைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்கச் செம்பு நிறமாக முடி வந்தது, அடர்த்தியாக. எங்கள் தீவுகளில் செம்பட்டை முடி அதிசயமில்லை, அதனால் சங்கத்துப் பெண்கள் கேலிதான் பேசினார்கள். "புருஷன் மீன் புடிக்கப் போனப்ப யாருடி வந்தா?" என்று சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

இது நடந்து இருபத்தோரு வருஷம் ஆகிறது. லூபே சொன்னது சரிதான், நான் எங்கும் போகவில்லை. சியெனி சிஸ்டருக்குப் பிறகு இந்த நிலையத்துக்கு நான்தான் பொறுப்பு. வருஷா வருஷம் வெளிநாட்டு நர்சிங் மாணவிகள் வருகிறார்கள். வண்டியை விட்டு இறங்கியதும் விதியைச் சொல்வேன், என் கையாலேயே முடியைப் பின்னி இறுக்கிக் கட்டிவிடுவேன். ஒருத்திக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. என் முடிதான் நாலைந்து வருஷமாகக் கொத்துக் கொத்தாகச் சீப்போடு வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை பிரிஸ்பேனிலிருந்து ஒருத்தி வந்தாள். ஆறு வயதில் சித்தி வீட்டுக்குப் போன லூபேயின் மகள். நர்சிங் மூன்றாம் வருஷம். தொப்பியை எடுத்தாள். செம்பு முடி இடுப்பில் விழுந்தது.

"மசினா! மசினா வந்துட்டா!" என்று ஊரே ஓடி வந்தது. நான் திரும்பினேன். என்னைத் தாண்டிப் போனார்கள்.

என்னை இந்த ஊரில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் வெறும் சிஸ்டர். இப்போது மசினா என்றால் அவள்தான். அவளுக்குத்தான் மீனின் தலைப் பக்கம், புதுப் பாய். இன்று எடை பார்க்கும் நாள். அவள் படித்த எண்களுக்குக் கைதட்டினார்கள். ஒரு பெண் என் காதுபட, "மசினா கையால பொறந்தா எம்புள்ள கொடுத்து வச்சது" என்றாள்.

அவளுக்கு விதியைச் சொல்லிவிட்டேன். சத்தியமாகச் சொல்லிவிட்டேன். இன்று சாயங்காலம்கூட நானே பின்னி, இரண்டு முடிச்சுப் போட்டேன். பிறகு இந்த மேஜைக்கு வந்து, இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டாவது சங்கு ஊதியாகிவிட்டது. தேங்காய் எண்ணெய் வாசனை அடிக்கிறது.

பேனா பிடித்த விரல்களை இப்போதுதான் பார்க்கிறேன். நுனியெல்லாம் மஞ்சள் மகரந்தம். நான் எப்போது செடிப் பக்கம் போனேன்?

"மெதுவா சிஸ்டர்" என்கிறாள் லூபேயின் மகள், படிக்கட்டிலிருந்து. "வலிக்குது."

பெயரைச் சொன்னால் போதும், ரூட்டா விட்டுவிடுவாள். என் பெயர்தான். அதுதான் வாயில் வர மாட்டேன் என்கிறது.

மூன்றாவது சங்கு இன்னும் ஊதவில்லை.