நாலு மணி இருமல்

பாண்டிச்செல்வி அந்த இருமலை முதலில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலு மணிக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் சுக்கு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி மூன்று மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அதற்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். சின்னதாய் இரண்டு, பிறகு மூச்சை இழுத்து நீளமாய் ஒன்று. அம்மா அப்படித்தான் இருமுவாள்.

சங்கரன்கோவில் பக்கமிருந்து கொச்சி மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்த நாள் முதல் அம்மா பேச்சியம்மாள் அந்தக் கிட்டங்கியில்தான் சுக்கைத் தரம் பிரித்தாள். பதினாறு வருஷத் தூசி நெஞ்சை அடைத்து, நாற்பது நாளைக்கு முன்னால் ஒரு மழை நாளில், மாலை நாலு மணிக்கு இறந்துபோனாள். பக்கத்து அறையில் செல்வி பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இருமல் தொந்தரவாக இருந்ததால் காதில் ஹெட்செட் மாட்டியிருந்தாள். இதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை இருமல் அவர்கள் மாடிக்கு ஏறும் மரப்படியில் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறுவதுபோல. செல்வி அரிசி களைந்த தண்ணீரில் கையை வைத்தபடியே அசையாமல் நின்றாள். பாதிப் படியில் நின்றுவிட்டது.

மறுநாள் காலை கீழ்வீட்டு அம்மிணி சேச்சி அவளை நிறுத்தினாள்.

"அப்பாக்கு சுகமில்லையா மோளே? நேத்து சாயங்காலம் நல்ல இருமல் கேட்டுதே."

அப்பா முப்பிடாதி அந்நேரம் பஜாரில் மூட்டை தூக்கிக்கொண்டிருப்பார்.

அன்று மாலை அது அடுக்களைக்குள் இருமியது. அவள் முதுகுக்குப் பின்னால். திரும்பினால் யாரும் இல்லை. இருட்டிய பிறகு வந்த அப்பா, நனைந்த துண்டைப் பிழிந்தபடி மோந்து பார்த்தார்.

"யாரு பிள்ள சுக்கு இடிச்சா?"

"யாரும் இல்லப்பா."

அவர் வெகுநேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லை.

பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. அன்றைக்குக் கொடுக்காததை இன்றைக்காவது கொடுத்துவிடலாம் என்று ஓர் ஆசை. வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து வந்ததும் சீரகத் தண்ணீர் கொதிக்கவைத்து, டம்ளரில் ஊற்றி, அம்மா கிடந்த அறையின் வாசற்படியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளியே மழை வலுத்து, தெருவில் ஆட்டோக்களின் சத்தம் அடங்கி, ஜன்னலில் வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. கரண்ட் போனது.

நாலு மணி.

உள்ளே, கட்டிலருகில், இருமல்.

"தண்ணி வச்சிருக்கேன்மா."

டம்ளர் தரையில் உரசியபடி உள்ளே போனது. சிறிது நேரம் கழித்து அதே உரசலோடு திரும்பி வந்தது. தளும்பத் தளும்ப. ஒரு வாய்கூடக் குறையவில்லை.

"தண்ணி வேண்டாமா?"

விசில் போன்ற மூச்சு மட்டும். நெருங்கி வந்தது. முகத்தில் பட்டது. குளிர்ந்திருந்தது. சுக்கு மணம் கண்ணை எரித்தது.

"ஒரு தடவை கேட்டுச்சும்மா," என்றாள் செல்வி. "நீ கூப்பிட்டது கேட்டுச்சு. அப்புறமா போலாம்னு இருந்துட்டேன்."

சொல்லி முடித்து மூச்சு விட்டாள். திரும்ப இழுக்க முயன்றாள்.

வரவில்லை.

நெஞ்சு இறுகியது. வாயைத் திறந்தாள். ஒரு நூலளவு காற்று. அதையும் விட்டபோது, எதிரே இருட்டில் யாரோ இழுத்துக்கொண்டார்கள். நிதானமாக. மறுபடி. விசில் மெல்ல மெல்லக் குறைந்தது. எதிரே இருந்த மூச்சில் அடைப்பு விட்டது. செல்வி தரையில் சாய்ந்தாள்.

கீழே கதவு திறந்தது. மழைக்கு வேலை நின்று அப்பா சீக்கிரமே வந்துவிட்டார்.

"செல்வி?"

அவள் உதடு அசைந்தது. சத்தம் இல்லை. அவள் தலைக்கு மேலே, அறைக்குள்ளிருந்து, இரைப்பே இல்லாத தெளிவான குரல் சொன்னது:

"வாங்க. மேல வாங்க."

படியில் கால்கள் நின்றன.

"பேச்சி?" என்றார் அப்பா. பிறகு குழந்தைபோலச் சிரித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வந்தார்.