நடுவில் நிற்காத குரல்

குரல் நடுவில் நிற்கவில்லை. ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் சரிநடுவே, வெற்றுச் சுவரிலிருந்து எழ வேண்டிய மனைவியின் குரல், இடப்பக்கம் ஒதுங்கி ஒலித்தது.

"வந்துட்டேங்க... கொஞ்சம்..."

அதற்குமேல் லாரியின் இரைச்சல். சாலையைக் கடந்தபடியே அவள் போனில் பேசி அனுப்பிய கடைசிப் பதிவு. கொஞ்சம் என்ன? அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். இரைச்சலுக்கு அடியில் புதைந்ததையும் தோண்டித் தரும் ஸ்பீக்கர் எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் உயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "போன்ல ஒரே மைக் சார். ரெண்டு பக்கமும் ஒரே சத்தம்தான் போகும், நடுவுலதான் நிக்கணும். உங்கள மாதிரி காதுக்காரங்க வந்தா எனக்குச் சோறு எறங்காது. இருங்க, ஒயரை மாத்துறேன். ஆம்ப்ளிஃபயர் கோளாறுன்னா குரல் வலப்பக்கம் தாவிடும்."

"மாத்துங்க. ஆனா நிறுத்திடாதீங்க."

சோபாவின் சரிமத்தியில் உட்கார்ந்தால்தான் ஒலி சரியாக வரும் என்று கடைக்காரர் அவரை அங்கே இருத்தியிருந்தார். சுவரெல்லாம் தடித்த பஞ்சு. கதவைச் சாத்தியதும் தெருவின் சத்தம் அறுந்துபோய், சோபாவின் புதுத்தோல் வாசனைக்கு நடுவே அவருடைய இதயம் அடிப்பது அவருக்கே கேட்டது.

ஒயர்கள் மாறின.

"வந்துட்டேங்க... கொஞ்சம்..."

இடப்பக்கம்தான். முன்பைவிட அருகில்.

கடைக்காரர் இடது ஸ்பீக்கரின் ஒயரையே பிடுங்கினார்.

"வந்துட்டேங்க..."

இடப்பக்கம். தோளருகே. புதுத்தோலின் வாசனை போய் டீசல் நெடி.

"சார், எந்திரிங்க. வெளிய போயிரலாம்."

"அண்ணே, உங்க கால்ல விழறேன். இன்னும் ஒரே ஒரு தடவை."

"நான் ஆம்ப்ளிஃபயரையே அணைச்சிட்டேன் சார்."

விளக்கு அணைந்த கருவியை அவர் பார்த்தார். கடைக்காரர் பின்வாங்கி நகர்ந்து கதவில் முட்டி நின்றார். கடைக்காரரின் கண்கள் சோபாவைவிட்டு அகலவில்லை.

இடது காதில் ஈரமான மூச்சு.

"வந்துட்டேங்க... கொஞ்சம்..."

லாரி இரையவில்லை.

"...நகந்து உக்காருங்க."

வீட்டு சோபாவில் தினமும் கேட்ட அதே அதட்டல். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் நகர்ந்தார்.

காலியான இடத்தில் தோல் மெல்ல அமுங்கியது. இன்னும் அமுங்கியது. பள்ளத்தின் ஓரத்தில் கறுத்த ஈரம் ஊறி, சொட்டுச் சொட்டாகத் தரைவிரிப்பில் விழத் தொடங்கியது.